ஜேல்கா நவாபின் கம்பளம்

பொய் சொல்லத் துணிச்சல் வேண்டும், ஞாபகசக்தி வேண்டும், முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும் என்றெல்லாம் ஆளாளுக்குச் சொல்வார்கள். மொழியறிவு வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை நான் வெள்ளவத்தையில், எங்கள் வீட்டு முன் அறையில், என் அக்காவைப் பொம்பிளை பார்க்க வந்தவர்களின் முன்னிலையில்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தின் அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

அப்போது இரண்டாவது உலக யுத்தம் தொடங்கவில்லை. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களிலிருந்து வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசானிமாரும் இறங்கிக் கோட்டைக் கடைவீதிகளில் உலாவுவார்கள். அங்கே ஒரு சிந்திக்காரரின் கம்பளக் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். (ஆங்கிலப் பரீட்சையில் கோட்டை விட்டவனுக்குக் கோட்டையில்தான் வேலை கிடைத்தது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார்.)

எங்கள் முதலாளி ஆங்கிலம், இந்துஸ்தானி, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழைத்துப் பேசுவார். கம்பளத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குழையலிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான். நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு நூலைக் கட்டி, ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போட்டு, கத்தியால் அறுத்து, ஒரு வரிசை முடிந்ததும் இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் பெரிய கத்தரிக்கோலால் மேற்பரப்பை மட்டமாக வெட்டுவார்கள். அக்பர் சக்கரவர்த்தி பாரசீகத்திலிருந்து நெசவாளர்களை வரவழைத்து ஆக்ராவிலும் லாகூரிலும் தறி போட வைத்தார். இவ்வளவும் உண்மை. மிச்சத்தை நான் சேர்த்துக்கொள்வேன்.

கடையில் ஒரு பெரிய கம்பளம் இருந்தது. மாதுளம்பழச் சிவப்பு நிலம், நடுவே கொடி, நான்கு ஓரமும் வெள்ளைக் கரையில் பூவேலை. முதலாளி அதைத் தடவிக்கொண்டே, "திஸ் ஒன் ஜேல்கா கார்ப்பெட், தம்பி. பெஸ்ட் கம்பளி. சாயம் போகாது" என்பார்.

ஜேல்கா! வட இந்தியாவில் ஊர்களுக்கா பஞ்சம்? அம்பாலா இருக்கிறது, சிம்லா இருக்கிறது, ஜேல்காவும் இருக்கத்தானே வேண்டும்? ஊர் இருந்தால் நவாப் இருப்பார், நவாப் இருந்தால் அரண்மனை இருக்கும். ஆகவே கப்பல் பயணிகளுக்கு நான் ஜேல்கா நவாபின் அரண்மனையைச் சுற்றிக் காட்டத் தொடங்கினேன். ஒரு தடவை, இந்தியாவில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு துரை என் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார், மனைவியையும் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார், போகும்போது இரண்டு கம்பளம் வாங்கினார். என் விற்பனைத் திறமையை நினைத்து நானே மெய்சிலிர்த்துப் போனேன்.

இந்த நிலையில்தான் புவனம் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அக்கா பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். மாப்பிள்ளை குணரத்தினம், சுங்கத்தில் கிளார்க், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். தகப்பன் இல்லை. தாயின் தமையன் செல்லையா என்பவர்தான் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். கொட்டாஞ்சேனையில் பெரிய இரும்புச் சாமான் கடை. முன்னே மதராசில் பல வருஷம் துணி வியாபாரம் செய்தவர் என்றும், எதையும் நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் நம்புவார் என்றும் தரகர் சொன்னார். இதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் அந்த மனிதரின் நகத்தில் அடிபட்டுப் போயிருந்தன.

அப்பாவும் லேசான ஆள் இல்லை. சம்பந்தம் பேசுகிறவர்களின் பூட்டன் காலம் வரை விசாரித்துக் கறை ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான் வரச்சொல்லிச் சொல்லியனுப்பினார்.

எங்கள் முன் அறையின் சிமெந்துத் தரை ஐந்தாறு இடத்தில் வெடித்திருந்தது. அதை மறைக்க நான் ஒரு யோசனை சொன்னேன். (என் யோசனைகளை வீட்டில் கேட்ட கடைசி நாள் அது.) முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஜேல்காக் கம்பளத்தை ஒருநாள் இரவலாக வாங்கினேன். "ஒரு கறை பட்டுது, நீ காலி" என்று மட்டும் அவர் தெளிவான தமிழில் சொன்னார்.

சுருட்டிய கம்பளத்தை வெள்ளைத் துணியால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை ஸ்டேஷனில் கோச்சி ஏறினேன். பெட்டியில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எதிரே இருந்த சிங்களப் பெண்மணி மெதுவாக, "மல்லி, மேக்க மினியக்த?" என்று கேட்டாள். (தம்பி, இது பிரேதமோ?) வெள்ளவத்தை வரும்வரை அந்தப் பெட்டியில் யாரும் பேசவில்லை.

மறுநாள் பின்னேரம் அவர்கள் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, தாய், செல்லையா. செல்லையா வெள்ளைக் கோட்டும் சரிகைச் சால்வையுமாக வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கம்பளத்தைப் பார்த்தார். பிறகு அதன்மேல் மிதிக்காமல் சுவர் ஓரமாக ஒட்டி நடந்துபோய், மூலையில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். பார்வை மட்டும் கம்பளத்தின் ஓரத்தை விட்டு அசையவில்லை.

நான் உள்ளே துள்ளினேன். மனிதர் அசந்துவிட்டார்!

அப்பா மாப்பிள்ளையோடு உத்தியோகத்தைப் பற்றிக் கதைத்தார். தாய் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு வீட்டை அளந்தாள்.  கடைசியில் செல்லையா ஒருமாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, இந்தக் கம்பளம் எங்கத்தையான்?"

இதைவிட நல்ல கேள்வியை எந்தத் துரையும் என்னிடம் கேட்டதில்லை. எழுந்து நின்றேன். அக்பரில் தொடங்கினேன். பாரசீகத்திலிருந்து வந்த நெசவாளர்களை ஒட்டகத்தில் ஏற்றி இறக்கினேன். "அந்தப் பரம்பரையில வந்த ஆக்கள், ஐயா, ஜேல்கா நவாபின்ரை அரண்மனைக்குள்ளயே தறி போட்டு நெய்தது இது. வெளியால ஒரு மனிசன் கண்ணாலயும் காணேல்லை. நெய்தவை ஒருத்தரும் அரண்மனையை விட்டு வெளிக்கிடவே இல்லையாம்!"

"வெளிக்கிடவே இல்லையோ?" என்றார் செல்லையா.

"இல்லை ஐயா. விடமாட்டினம். அவ்வளவு கட்டுக்காவல்."

அவர் முகம் ஒரு மாதிரிக் கோணியது. நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நகத்தால் சுரண்டிப் பார்க்கும் மனிதர் அல்லவா? கடையில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தேன். ஓரத்துக் குஞ்சத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பளி இழையைப் பிடுங்கிக் கொளுத்தினேன். அசல் ஆட்டு மயிர் என்றால் தலைமயிர் கருகும் மணம் வரும்.

வந்தது. நன்றாகவே வந்தது.

"ஐயோ, ஆற்றையோ தலைமயிர் எரியுது!" என்று மாப்பிள்ளையின் தாய் பதறி எழும்பித் தன் கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். குசினியிலிருந்து அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். நல்ல காரியம் பேசுகிற வேளையில் வீடெல்லாம் சுடலை வாடை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு இழை பற்றியிருக்கும்.

அந்த இடத்திலாவது நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"பயப்பிடாதேங்கோ, அசல் கம்பளி எண்டதுக்கு அதுதான் அத்தாட்சி. இனிப் பின்பக்கம் பாருங்கோ. முடிச்சு அங்கதான் வடிவாத் தெரியும். எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ!"

எல்லோரும் எழுந்தார்கள். ஏன் எழுந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிர்ச்சியில் இருக்கிறவர்கள் சொன்னதைச் செய்வார்கள் போலிருக்கிறது. மாப்பிள்ளை கையில் வெற்றிலைத் தட்டோடு ஒற்றைக்காலில் நின்றார். நான் கதிரைகளை இழுத்துவிட்டு, கம்பளத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி மடக்கினேன். வெடித்த சிமெந்துத் தரை முழுவதும் பளிச்சென்று வெளியே வந்தது.

அப்போதுதான் செல்லையா முழங்காலில் விழுந்தார்.

விழுந்தார் என்றால் மயங்கி அல்ல. வெள்ளைக் கோட்டும் சரிகைச் சால்வையுமாகத் தரையில் மண்டியிட்டு, கம்பளத்தின் பின்புறத்தில் விரலை வைத்து, ஓரத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். உதடு அசைந்தது. பிறகு, அந்தக் கறாரான வியாபாரி, ஒரு ராகத்தில் இழுத்துப் பாடத் தொடங்கினார்.

"சிவப்பு ரெண்டு கட்டு... கறுப்பு ஒண்டு கட்டு... வெள்ளை மூண்டு கட்டு... கட்டியாச்சு, கட்டியாச்சு..."

 என் கையில் தூக்கிய கம்பள முனை அப்படியே இருந்தது. எனக்கு அந்த ராகம் தெரியாது. ஆனால் முதலாளி ஒருமுறை சொல்லியிருக்கிறார். தறிக்குப் பின்னால் ஒருவன் நின்று பூவேலையின் கணக்கைப் பாட்டாகக் கூவுவானாம். நெய்கிறவர்கள் அதற்கு எதிர்ப்பாட்டுச் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடுவார்களாம். தறிக்கு முன்னால் உட்கார்ந்தவனைத் தவிர வேறு யாருக்கும் அது வாயில் வராது.

செல்லையாவின் விரல் ஒரு பூவில் வந்து நின்றது. ஓரத்தில் எல்லாப் பூவும் சிவப்பு. அந்த ஒரு பூ மட்டும் நீலம்.

"எந்த ஊர் எண்டு சொன்னீர், தம்பி?"

"ஜே... ஜேல்கா, ஐயா."

"ஜேல்கா எண்டால் ஊர் இல்லை. 'ஜேல் கா' எண்டு அவங்கள் ரெண்டு சொல்லாச் சொல்லுவாங்கள். சிறையின்ரை எண்டு அர்த்தம். ஜேல் கா கார்ப்பெட்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது சிறைக் கம்பளம். மதராஸ் பக்கத்துச் சிறையில நெய்தது. இந்தப் பூ நான் கட்டினது."

என் காதுக்குள் கடல் இரைந்தது. (எங்கள் வீட்டிலிருந்து கடல் கிட்டத்தான். ஆனாலும் அது வேறு இரைச்சல்.) ஜேல்கா நவாப், அவருடைய அரண்மனை, கட்டுக்காவல், வெளியே வராத நெசவாளர்கள் எல்லாம் ஒரே நொடியில் என் தலைமேல் இடிந்து விழுந்தன. நான் சொன்ன பொய் ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மை என்பதுதான் என்னை அதிகம் கலங்கடித்தது.

"அண்ணை, என்ன கதைக்கிறியள்?" மாப்பிள்ளையின் தாயின் குரல் கீச்சிட்டது. "நீங்கள் மதராசில துணிக்கடை எல்லோ வச்சிருந்தனீங்கள்?"

"வச்சிருந்தனான்தான். ஊருக்கு வர வெளிக்கிட்ட நேரம் தெரிஞ்சவன் ஒருத்தன் ஒரு பெட்டி தந்தான். கொழும்பில ஒரு வீட்டில குடுத்துவிடச் சொன்னான். தனுஷ்கோடியில பெட்டியைத் திறந்தாங்கள். உள்ளுக்கு முழுக்க அபின். ஆர் நம்புறது? ரெண்டு வருசம் போட்டிட்டாங்கள்." அவர் கம்பளத்தைத் தட்டினார். "வெள்ளைக்காரருக்கு வீடு வீடாக் கம்பளம் வேணும். சிறையில கை நிறைய இருக்கு, கூலி கேக்காத கை. ஆக்ராவில இருந்து ஒரு உஸ்தாதைக் கொண்டுவந்து பழக்கினவங்கள். பிழையா ஒரு முடிச்சுப் போட்டால் வார்டர் பிரம்பால புறங்கையில அடிப்பான்."

அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். பாவம், எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு சபை வாய்த்திருக்காது. கதிரைகள் கலைந்து கிடந்தன. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாமனார் ஸ்தானத்தில் இருக்க வேண்டிய மனிதர் தரையில் முழங்காலில் இருந்தார். கருகிய மயிர் மணந்தது. அக்கா வாசல்படியில் நின்று கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் தலையைக் குனிந்து போக வேண்டியவள் நேரே செல்லையாவிடம் கேட்டாள்.

"அப்ப ஏன் அந்தப் பூவை மட்டும் நீலமாக் கட்டினீங்கள்?"

அம்மா "பிள்ளை!" என்று அதட்டினாள். செல்லையா அக்காவை அப்போதுதான் முதல்முறை பார்த்தார்.

"அண்டைக்குக் காலமை என்ரை சிநேகிதன் வந்து, கம்பிக்கு அங்கால நிண்டு, அம்மா செத்துப்போனா எண்டு சொன்னவன், பிள்ளை. பிறகு என்னைத் தறியில கொண்டுபோய் இருத்தினாங்கள். பாட்டுக்காரன் சிவப்பெண்டுதான் கூவினவன். என்ரை காதில விழேல்லை. அடி விழுந்தது. ஆனால் அவிழ்க்க விடேல்லை, மேல வரிசை ஏறிட்டுது."

அப்போது மாப்பிள்ளையின் தாய் செய்த காரியத்தை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த விசிறியால் தமையனின் முதுகில் படீர் படீர் என்று அடிக்கத் தொடங்கினாள்.

"அம்மாவின்ரை சாவுக்கு வராமல் யாபாரம் பார்த்தவர் எண்டு இத்தனை வருசமா உங்களைத் திட்டினேனே! திவசத்துக்குத் திவசம் முகத்தைத் திருப்பினேனே! வாய் இல்லையோ உங்களுக்கு? ஒரு சொல்லுச் சொல்ல வாய் இல்லையோ?"

ஓலை கிழிந்தது. அதற்குப் பிறகு அவள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சம்பந்தம் பேச வந்த இடத்தில், எங்கள் வெடித்த தரையில், அண்ணனும் தங்கையும் தாயின் சாவுக்குக் காலம் கடந்து ஒன்றாக அழுதுகொண்டிருந்தார்கள். நாங்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தோம்.

செல்லையா முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்பாவை நேரே பார்த்தார்.

"இனி ஒளிக்க ஒண்டுமில்லை. சிறைக்குப் போனவன் வளர்த்த பிள்ளை. உங்களுக்கு வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் வெளிக்கிடுறம். மனவருத்தம் இல்லை."

 பூட்டன் வரை விசாரித்த அப்பா, இந்தப் பக்கம் மாமனை விசாரிக்க மறந்துபோன அதிர்ச்சியில் உறைந்து நின்றார். அவருடைய நெற்றி நரம்பு துடிப்பதை நான் பார்த்தேன். அக்காவின் வாழ்க்கையை நெருப்புப்பெட்டியால் கொளுத்திவிட்டேன் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.  கம்பளத்தின் முனையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பேசியது மாப்பிள்ளை. வந்ததிலிருந்து உத்தியோகத்தைத் தவிர வேறொன்றும் பேசாதவர், வெற்றிலைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்.

"மாமா போனால் நானும் போவன். ஆனால் எனக்கு இந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. அந்தப் பூவைப் பற்றி இவதான் கேட்டவ. நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

"எனக்கும் சம்மதம்" என்றாள் அக்கா.

குசினி வாசலில் அம்மாவின் கையிலிருந்து பயத்தம் பணியாரத் தட்டு விழுந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தன் வாயால் சம்மதம் சொன்னது அதுதான் முதல் தடவை. அபினும் சிறையும் அம்மாவுக்கு அந்த அளவு அதிர்ச்சி தரவில்லை.

அப்பா மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"டேய், முதல்ல அந்தக் கம்பளத்தைத் திருப்பிப் போடு. வந்த சனம் எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அதுதான் சம்மதம். நான் கம்பளத்தை விரித்தேன். இந்தமுறை செல்லையா அதன் நடுவில் நடந்துபோய், சப்பணம் கட்டி உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தார்.

மறுநாள் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், முதலாளியிடம் ஏன் என்னை ஏமாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் திகைத்துவிட்டார். "ஜேல் கா, ஜேல் கான்னு டெய்லி நான் சொன்னேனே? வெள்ளைக்காரனுக்கு ஜேல் கார்ப்பெட்னா உசிர். ஏமாத்து வேலை இல்லை, நல்ல கம்பளி. நீ நவாப் கதை சொன்னது ஜோக்குன்னு நெனச்சேன். அதனாலதான் நெறைய விக்குதுன்னு சும்மா இருந்தேன்." அந்தப் பட்டாளத்துத் துரை ஏன் அழ அழச் சிரித்தார் என்பது எனக்கு அங்கே நின்றபோது விளங்கியது. அந்த மாதமே வேலையை விட்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் செல்லையா மாமாவிடம், பழைய முதலாளியிடம் பேசிப் பார்க்கவா, அந்தக் கம்பளம் உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. அதுக்குப் பக்கத்தில ரெண்டு வருசம் இருந்ததே போதும்" என்றார். கொஞ்ச நாளில் அது யாரோ ஒருவரோடு கப்பலேறியது. நீலப் பூ இப்போது எந்தக் குளிர்தேசத்துக் கதிரைக்குக் கீழே இருக்கிறதோ.

எனக்கு மட்டும் அந்தப் பின்னேரம் முடியவே இல்லை. சில வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் பாமன்கடைக்குப் போனபோது, அப்பா, அம்மா, அக்கா, அத்தான், செல்லையா மாமா என்று காரில் இருந்த அத்தனை பேரும் என்னிடம் ஒரே சத்தியத்தை வாங்கினார்கள். அந்த வீட்டில் என்ன நடந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது. நானும் திறக்கவில்லை. பெயர் கேட்டார்கள், அப்பா சொன்னார். உத்தியோகம் கேட்டார்கள், அத்தான் சொன்னார். தேத்தண்ணி போதுமா என்று கேட்டார்கள், தலையை ஆட்டினேன்.

நாங்கள் வெளிக்கிட்ட பிறகு அந்த வீட்டில் பெரிய விவாதம் நடந்ததாம். பெண் எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டு, "பாவம், நல்ல முகம். கதைக்க ஏலாட்டிப் பரவாயில்லை, நான் கட்டுறன்" என்றாளாம்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், நான் ஒரு கதையைத் தொடங்கிய உடனேயே, என் மனைவி விருந்தாளிகளைப் பார்த்து நீண்ட பெருமூச்சு விட்டபடி சொல்லுவாள்:

"ஊமை எண்டு நம்பித்தான் கட்டினனான். என்னை நல்லா ஏமாத்திப் போட்டினம்."